முந்திரி ஒவ்வாமையின் புரதங்கள்: லால்குடிச் சமையலை முன்வைத்து ஓர் ஆய்வு

லால்குடி, ஸ்ரீரங்கம் வட்டார விருந்துகளில் முந்திரி சேராத இனிப்பு அரிது. கூடாரவல்லி அக்காரவடிசலிலும் கல்யாணப் பந்திப் பாயசத்திலும் நெய்யில் பொன்னிறமாக வறுத்த முந்திரி மிதக்கும். தேங்காயோ அன்றாடச் சமையலிலேயே உண்டு. இவற்றை உண்டவருக்கு உதடு வீங்கி உடம்பில் தடிப்பு எழுந்தால், ‘நட்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லிவிடுகிறோம். நோயறிதலுக்கு இந்த முடிவு போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். எந்தப் புரதம் காரணம் என்று தெரிந்தால்தான் எதை விலக்குவது, எதை உண்பது என்று வரையறுக்க முடியும். அந்த ஆய்வும் நம் பக்குவத்தில் சமைத்த உணவைக் கொண்டு நடக்க வேண்டும்.

புரதத்தை இனங்காணுதல்

முந்திரியை அரைத்து, கொழுப்பு நீக்கி, உப்புக் கரைசலில் புரதங்களைப் பிரித்தெடுப்பது முதற்படி. ஜெல்லில் மின்னோட்டம் பாய்ச்சினால் அவை எடைவாரியாகப் பிரிந்து பட்டைகளாக நிற்கும். அப்பட்டைகளை நைட்ரோசெல்லுலோஸ் தாளுக்கு மாற்றி நோயாளியின் சீரத்தில் ஊறவைத்தால், ஐஜிஇ எதிர்ப்பொருள் தனக்குரிய பட்டையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அப்புரதத்தின் மரபணுவைப் படியெடுத்து, பாக்டீரியாவில் தனியாக உற்பத்தி செய்து சரிபார்ப்பார்கள்.

இவ்வழியில் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கென்னத் ரூ, ஸ்ரீதர் சாத்தே ஆகியோரின் குழு, கலிபோர்னியாவின் சூசன் டூபருடன் சேர்ந்து முந்திரியின் மூன்று ஒவ்வாமைப் புரதங்களை அடையாளம் கண்டது. 2002-இல் வெளிவந்த அனா ஓ 1 விசிலின் வகை. 2003-இல் வந்த அனா ஓ 2 லெகுமின் வகை. 2005-இல் வந்த அனா ஓ 3, 2எஸ் அல்புமின் வகை. மூன்றும் முளைக்கும் விதைக்கு உணவாகச் சேமிக்கப்படுபவை. மூன்றில் சிறியதான அனா ஓ 3-இன் உடலை நான்கு கந்தகப் பிணைப்புகள் இறுக்கிக் கட்டியிருப்பதால், இரைப்பையின் பெப்சினும் அடுப்பின் சூடும் அதை எளிதில் குலைப்பதில்லை. முந்திரியை வறுத்தால் ஆபத்து நீங்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை.

இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. கொழுப்பை நீக்கும்போது எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்திருக்கும் ஒலியோசின் புரதங்களும் விலகிவிடக்கூடும். ஹேசல் கொட்டையில் அவையும் ஒவ்வாமைப் புரதங்களாக அறியப்பட்டுள்ளன. ஆகவே, நீர்க்கரைசலில் செய்த சோதனை எதிர்மறையாக வந்தால் அதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது.

வகைப்பாடு எங்கே தவறுகிறது

முந்திரியும் பிஸ்தாவும் மாமரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பிஸ்தாவின் பிஸ் வி 1 புரதம் அனா ஓ 3-ஐப் பெரிதும் ஒத்திருப்பதால், ஒன்று ஒவ்வாதவருக்கு மற்றதும் ஒவ்வாமல் போவது வழக்கம். பாதாமுக்கு அதே விதி தானாகப் பொருந்தாது. இன்னொரு குழப்பமும் உண்டு: பண்ருட்டியில் முந்திரி உடைப்போரின் கையைப் புண்ணாக்குவது ஓட்டின் எண்ணெயிலுள்ள அனகார்டிக் அமிலம் போன்ற வேதிப்பொருள்கள். அது தோல்தொடர்பு அழற்சி. புரதமும் ஐஜிஇ-யும் அதில் காரணமல்ல. இரண்டையும் ஒரே ‘முந்திரி அலர்ஜி’யாகக் கொள்வது தவறு.

தேங்காயை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நெடுங்காலம் மரக்கொட்டைகளின் பட்டியலில் வைத்திருந்து, 2025 ஜனவரியில் நீக்கியது. ஆனால் தேங்காயின் லெகுமின் வகைப் புரதம் வால்நட் புரதத்தோடு குறுக்கு வினை புரிவதை டூபர் 1999-இலேயே இரு நோயாளிகளிடம் காட்டியிருந்தார். தேங்காய் ஒவ்வாமை அரிதே; ஆயினும் அதற்கு விளக்கம் தருவது புரதம்தான், பட்டியல் அல்ல.

பிணைப்பு வேறு, நோய் வேறு

பெங்களூரு, மைசூரு பெரியவர்களிடம் நடந்த ‘யூரோபிரிவால்’ என்ற உணவு ஒவ்வாமை ஆய்வு, 2016-இல் வெளியானது. அதில் 26.5 விழுக்காட்டினரின் இரத்தத்தில் ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ இருந்தது. உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கணிக்கப்பட்டவர்கள் 1.2 விழுக்காட்டினரே. தாவரப் புரதங்களின் சர்க்கரைச் சங்கிலிகளில் ஐஜிஇ நோய் விளைவிக்காமலே ஒட்டுவது இத்தகைய இடைவெளிக்கு அறியப்பட்ட ஒரு காரணம். எனவே உணவின் முழுச் சாறு கொண்ட இரத்தச் சோதனையை மட்டும் நம்பினால், தேவையின்றிப் பலருக்குப் பத்தியம் விதித்துவிடுவோம். அனா ஓ 3-க்கு எதிரான ஐஜிஇ-யைத் தனியே அளப்பது அசல் முந்திரி ஒவ்வாமையை மேலும் தெளிவாகச் சுட்டும். ஐயம் எஞ்சினால் மருத்துவர் மேற்பார்வையில் உண்ணவைத்துச் சோதிப்பதே முடிவான வழி.

இவ்வளவு நுட்பமான சோதனை அரிதான ஒரு நோய்க்குத் தேவையா என்று கேட்கலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 ஆம் ஆண்டு விதிகள் மரக்கொட்டைகளை லேபிளில் அறிவிக்கச் சொல்வது பொட்டலமிட்ட உணவுக்கே. தொன்னையில் தரும் பிரசாதத்துக்கும் பந்திப் பாயசத்துக்கும் லேபிள் கிடையாது. அங்கே நோயாளிக்குத் துணை, தனக்கு எது ஆகாது என்ற துல்லியமான அறிவுதான். அதனால் திருச்சி வட்டார நோயாளிகளின் சீரத்தைப் பச்சை முந்திரியோடும், நெய்யில் வறுத்து வெல்லப்பாலில் வெந்த முந்திரியோடும் ஒப்பிட்டுச் சோதிக்கும் ஆய்வு வேண்டும். அயல்நாட்டுச் சோதனைப் பெட்டி நம் அக்காரவடிசலுக்கும் பொருந்துமா என்பதற்கு அந்த ஒப்பீடே விடை தரும்.