திருவாலங்காடு வடாரண்யேசுவரர் கோயில்

திருவாலங்காடு வடாரண்யேசுவரர் கோயில் தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ள சிவன் கோயிலாகும். இது தேவாரப் பாடல் பெற்ற தொண்டை நாட்டுத் தலங்களுள் ஒன்று. இறைவி வண்டார்குழலி அம்மை. ஆலமரக் காடாக இருந்தமையால் இப்பெயர் ஏற்பட்டது என்பர். வடமொழியில் 'வடம்' என்பதும் ஆலமரத்தையே குறிக்கும்.

ஐந்து சபைகள்

நடராசர் ஆடிய ஐந்து சபைகளைத் தரிசிப்பது சைவர்களின் யாத்திரை மரபு. திருவாலங்காடு இரத்தின சபை, சிதம்பரம் பொற்சபை, மதுரை வெள்ளி சபை, திருநெல்வேலி தாமிர சபை, குற்றாலம் சித்திர சபை என்பன அவை. காளியுடன் நிகழ்ந்த நடனப் போட்டியில் சிவபெருமான் ஒரு காலை மேலே உயர்த்தி ஊர்த்துவ தாண்டவம் ஆடி வென்ற இடம் இதுவெனத் தலபுராணம் கூறுகிறது.

காரைக்கால் அம்மையார்

அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவரான காரைக்கால் அம்மையார் இவ்வூருக்குத் தலையால் நடந்து வந்து, இறைவனின் திருவடிக்கீழ் அமர்ந்தார் எனப் பெரியபுராணம் கூறுகிறது. இத்தலத்தைப் பற்றி அவர் பாடிய இரண்டு மூத்த திருப்பதிகங்கள் பதினோராம் திருமுறையில் உள்ளன.

அம்மையார் தலையால் நடந்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சிய திருஞானசம்பந்தர், ஊருக்குள் செல்லாமல் அருகிலுள்ள ஊரில் தங்கினார். இறைவன் கனவில் தோன்றி, தம்மைப் பாட மறந்தாயோ என வினவ, விழித்தெழுந்து பதிகம் பாடினார் என்பது வரலாறு. தலத்தை அடைவதையே பயனாகக் கொள்ளும் யாத்திரை மரபில், அடியார் ஒருவர் மீது கொண்ட மதிப்பால் எல்லையிலேயே நின்றுவிட்ட இந்நிகழ்ச்சி தனித்தன்மை வாய்ந்தது. அப்பரும் சுந்தரரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர்.

செப்பேடுகள்

1905 ஆம் ஆண்டில் இங்கு 31 ஏடுகள் கொண்ட சோழர் செப்பேட்டுத் தொகுதி கண்டெடுக்கப்பட்டது. முதலாம் இராசேந்திர சோழன் தன் 6 ஆம் ஆட்சியாண்டில் பழையனூரை இக்கோயிலுக்கு அளித்ததை இது தெரிவிக்கிறது. இதன் வடமொழிப் பகுதி சோழர் மரபை விரிவாகக் கூறுகிறது. கொடைக்குப் பின்னர் நிகழ்ந்த கங்கைப் படையெடுப்பும் அதில் இடம்பெறுவதால், அப்பகுதி பிற்காலத்தில் எழுதப்பட்டதெனக் கருதப்படுகிறது. இவ்வூரில் கிடைத்த புகழ்பெற்ற நடராசர் செப்புத் திருமேனி சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

செல்லும் வழி

சென்னை–அரக்கோணம் தொடருந்துப் பாதையில், திருவள்ளூருக்கு மேற்கே திருவாலங்காடு நிலையம் உள்ளது. அங்கிருந்து சில கிலோமீட்டர் சாலை வழியே சென்று கோயிலை அடையலாம். மார்கழித் திருவாதிரை இங்கு முதன்மையான விழாவாகும்.