பாலித் தீவின் கடற்கரையும் விருந்தினர் விடுதிகளும்

விடுமுறைக்காகத் தீவொன்றுக்குச் செல்பவர் எந்த விடுதியில் தங்குவது என்று ஆராய்வது அவருடைய சொந்தக் காரியம் என்றே பலரும் கருதுவர். அறை வாடகை, உணவின் தரம், கடலுக்கும் கட்டிலுக்கும் உள்ள தொலைவு ஆகியவற்றை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்துகொண்டால் அக்காரியம் முடிந்துவிடுகிறது. ஆனால் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் இவ்வாறு தேரும்போது அத்தேர்வு தனிமனிதர் காரியமாக நிற்பதில்லை. எந்தக் கரையில் கட்டடம் எழும், எவருடைய நிலம் கைமாறும், எந்தக் கிணறு உவராகும் என்பவற்றையெல்லாம் அது முடிவு செய்கிறது. ஜாவாவுக்குக் கிழக்கே, சிங்கப்பூரைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு பரப்புடைய பாலித் தீவின் நூறாண்டு வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

மலைத்திசையும் கடல்திசையும்

பாலி மக்கள் திசையைக் கதிரவனை மட்டும் கொண்டு கணிப்பதில்லை. மலையை நோக்கிய திசை ‘காஜா’. கடலை நோக்கிய திசை ‘கெலோட்’. தென்பாலியில் நிற்பவனுக்குக் காஜா என்பது வடக்கு. வடபாலியில் நிற்பவனுக்கு அதுவே தெற்கு. அகுங் எரிமலை தெய்வங்கள் உறையும் இடம் என்பது அவர்தம் நம்பிக்கை. ஆதலின் தூயவை மலைப்பக்கத்திலும், அத்தூய்மை இல்லாதவை கடற்பக்கத்திலும் அமைவது முறை. வீட்டையும் ஊரையும் வகுப்பதில் இம்முறையே பின்பற்றப்பட்டு வந்தது.

இதனால் கடல் இழிவானது என்று கொள்ளுதல் தவறு. தகனம் செய்யப்பட்டவரின் சாம்பல் கடலில்தான் கரைக்கப்படுகிறது. ‘ஞெப்பி’ எனும் மோன நாளுக்கு முன்னர், கோயில் திருவுருக்களை ஊர்வலமாகக் கடற்கரைக்கு எடுத்துச் சென்று தூய்மை செய்யும் ‘மெலாஸ்தி’ விழா நடைபெறுகிறது. கரை என்பது சென்று, சடங்கு முடித்து, திரும்பி வரும் இடம். இன்பத்திற்காகப் படுத்துறங்கும் இடமன்று. மேலும், அத்தீவின் செல்வம் உள்நாட்டு நெல்வயல்களில் இருந்தது. கடலோர மணல் நிலத்தில் தென்னை வளரும், மீனவர் குடிசை நிற்கும், நெல் விளையாது. எனவே அந்நிலத்துக்கு மதிப்புக் குறைவாக இருந்தது. பிற்காலத்தில் நிகழ்ந்தவற்றைப் புரிந்துகொள்வதற்கு இச்செய்தி இன்றியமையாதது.

எனினும், வெளியுலகம் பாலிக்குள் நுழைந்த வாயில் கடற்கரையே. தென்கிழக்குக் கரையில் உள்ள சானூரில் சகம் 835ஐச் சேர்ந்த, அதாவது கி.பி. 914ஆம் ஆண்டளவில் நாட்டப்பட்ட கல்தூண் ஒன்று இன்றும் நிற்கிறது. ஸ்ரீ கேசரி வர்மதேவன் என்னும் மன்னனின் வெற்றியைக் கூறும் அக்கல்வெட்டில் சமற்கிருதமும் பழைய பாலி மொழியும் காணப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அக்கரை இந்திய எழுத்தையும் மொழியையும் அறிந்திருந்தது. கி.பி. 1906 செப்டம்பரில் டச்சுப் படை இறங்கியதும் அதே சானூர்க் கரையில்தான். அங்கிருந்து டென்பசாரை நோக்கிச் சென்ற படையின் முன், பாடுங் அரச குடும்பத்தினரும் அவரைச் சார்ந்தோரும் வெண்ணிற ஆடை உடுத்தி வந்து உயிர்நீத்தனர். ‘புபுத்தான்’ எனப்படும் அந்நிகழ்ச்சி 1908இல் குளுங்குங் அரசிலும் நிகழ்ந்தது. அத்துடன் தீவு முழுவதும் டச்சுக்காரர் ஆட்சிக்குள் வந்தது.

கடலை நோக்காத முதல் விடுதி

படை வந்த வழியே பயணிகளும் வந்தனர். 1920களில் டச்சு அரசுடன் நெருங்கிய தொடர்புடைய கே.பி.எம். கப்பல் நிறுவனம் வடகரையிலுள்ள சிங்கராஜாத் துறைக்குப் பயணிகளைக் கொண்டு சேர்த்தது. பன்றியும் கொப்பரையும் காப்பியும் ஏற்றிச் செல்லும் கப்பல்களில் இனிச் சுற்றுலாப் பயணியும் ஒரு சரக்கானார். தொடக்கத்தில் அவர்கள் அரசு அலுவலருக்கென அமைந்த ‘பசங்கிரகான்’ எனும் பயணியர் விடுதிகளில் தங்கினர். 1928இல் அந்நிறுவனமே டென்பசாரில் ‘பாலி ஹோட்டல்’ என்னும் விடுதியைத் திறந்தது.

ஈண்டு ஒன்றைக் கருத வேண்டும். தீவின் முதற் பெரு விடுதி கடலோரத்தில் கட்டப்படவில்லை. ஊர் நடுவே, 1906இல் அரச குடும்பம் மாண்ட இடத்துக்கு அருகில் கட்டப்பட்டது. அக்காலப் பயணி கடலில் நீராட வரவில்லை. நடனமும் கோயிலும் விழாவும் காண வந்தார். 1927இல் பாலியில் குடியேறிய ஜெர்மானிய ஓவியர் வால்டர் ஸ்பீஸ் கடலை விட்டு விலகியுள்ள உபுத்தில் வாழ்ந்ததும் அதே நாட்டத்தின் விளைவு எனலாம். கடற்கரையை நாடியவர் சிலரே. பெல்ஜிய ஓவியர் லெ மேயர் 1932இல் பாலிக்கு வந்து, சானூர்க் கரையில் வீடு அமைத்துக்கொண்டார். அவ்வீடு பின்னர் அருங்காட்சியகம் ஆயிற்று.

கூத்தாவில் ஓலைக் குடில்கள்

மேற்குக் கரையிலுள்ள கூத்தாவுக்கு ஒரு பழைய வணிக வரலாறு உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த மாட்ஸ் லாங்கே என்னும் வணிகர் 1839 முதல் 1856இல் இறக்கும்வரை பாலியில் வாழ்ந்து, கூத்தாவில் வாணிகக் களரி நடத்தினார். அவருக்குப்பின் அவ்வூர் மீண்டும் மீனவர் ஊராயிற்று.

1936இல் பாப் கோக், லூயிஸ் என்னும் அமெரிக்கர் இருவர் அங்கே ‘கூத்தா பீச் ஹோட்டல்’ என்ற சிறு விடுதியைத் தொடங்கினர். ஓலை வேய்ந்த தனித்தனிக் குடில்கள், முன்னால் மணல், அதற்கப்பால் அலை: அவ்வளவே. டச்சு அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. வெள்ளையர் தங்குமிடம் கல்லும் சுண்ணாம்புமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆயினும் பயணிகள் வந்தனர். ஹவாய்த் தீவில் கற்ற அலைச்சறுக்கு விளையாட்டை பாப் கோக் கூத்தாவில் அறிமுகப்படுத்தினார். 1942இல் ஜப்பானியப் படை சானூரில் இறங்கியபோது அவ்விடுதியின் வாழ்வு முடிந்தது. ஆனால் அது காட்டிய வழி மறையவில்லை. பாலிக்கு வருபவர் கோயிலுக்காக மட்டுமன்றிக் கடலுக்காகவும் வரக்கூடும் என்பதை அக்குடில்கள் மெய்ப்பித்துவிட்டன.

பத்து மாடியும் தென்னை மரமும்

விடுதலைக்குப்பின் இந்தோனேசியாவின் முதல் அதிபரான சுகர்ணோ பாலிப் பெண்மணி ஒருவரின் மகன். போர் இழப்பீடாக ஜப்பான் அளித்த நிதியைக் கொண்டு நாட்டின் பல இடங்களில் பெரு விடுதிகள் எழுப்ப அவர் முனைந்தார். ஜகார்த்தாவில் ‘ஹோட்டல் இந்தோனேசியா’ 1962இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு சானூரில், லெ மேயர் இல்லத்தின் அருகே, பத்து மாடி கொண்ட ‘பாலி பீச் ஹோட்டல்’ எழத் தொடங்கியது.

அது எழுந்த ஆண்டுகள் பாலிக்குக் கொடிய ஆண்டுகள். 1963இல் அகுங் எரிமலை வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1965 இறுதியிலும் 1966 தொடக்கத்திலும் நடந்த அரசியல் படுகொலைகளில் பாலியில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர் உயிரிழந்தனர் என ஆய்வாளர் மதிப்பிடுவர். அக்குருதி காய்வதற்குள், 1966 நவம்பரில் விடுதியின் கதவுகள் திறந்தன. அப்போது சுகர்ணோவின் அதிகாரமும் பெரும்பாலும் பறிபோயிருந்தது.

தென்னந்தோப்புக்கு மேலே தனித்து நின்ற அக்கட்டடம் பாலி மக்களைச் சிந்திக்க வைத்தது. கோயில் கோபுரங்களைத் தவிர வேறெதுவும் மரத்தை விஞ்சி நிற்காத நாட்டில் விருந்தினர் அறை வானளாவ நிற்பது முறையா என்னும் வினா எழுந்தது. அதன் பயனாகக் கட்டடங்கள் 15 மீட்டருக்கு மேல், அதாவது ஓங்கிய தென்னைக்கு மேல் உயரலாகாது என்ற விதி பிறந்தது. அவ்விதி இன்றும் சட்டத்தில் உள்ளது. ஒரு விடுதியைக் கண்டு ஒரு தீவு தன் கரையின் உயரத்தை வரையறுத்துக்கொண்டது.

உயரத்தை மறுத்த விடுதிக்கும் சானூரே எடுத்துக்காட்டு. 1962இல் சில குடில்களுடன் தொடங்கிய ‘தஞ்சோங் சாரி’ விடுதி, பாலி வீட்டின் முற்றமும் சுவரும் வாயிலும் கொண்டு அமைந்தது. 1970களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அதே சானூரில் பத்துஜிம்பார் இல்லங்களை வடிவமைத்தார். கூரையும் குளமும் திறந்த மண்டபமும் கொண்ட அவ்வடிவத்தைப் பிற்கால விடுதிகள் பலவும் பின்பற்றின.

வேலிக்குள் விருந்தினர்

1969இல் விமான நிலையம் பன்னாட்டு விமானங்களுக்குத் திறக்கப்பட்டது. இனி வரவிருக்கும் கூட்டத்தை எங்கே தங்கவைப்பது? பிரெஞ்சு நிறுவனம் ஒன்று 1971இல் வகுத்த திட்டம் தென்முனையிலுள்ள நூசா துவாவைச் சுட்டியது. அது வறண்ட பகுதி, நெல்வயல் இல்லை, மக்கள் நெருக்கமும் இல்லை. விருந்தினரை அங்கே ஒதுக்கி, ஊர்களுக்குப் பகல்நேரப் பயணமாக மட்டும் அனுப்பினால் பாலிப் பண்பாடு கெடாது என்பது திட்டத்தின் நோக்கம். உலக வங்கி கடன் அளித்தது. 1983இல் முதற் பெரு விடுதி திறக்கப்பட்டது.

ஆனால் திட்டம் வகுத்தோர் எதிர்பாராத ஒன்று கூத்தாவில் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1970களில் கையில் காசு குறைந்த இளைஞர்களும் அலைச்சறுக்கு விளையாடுவோரும் அங்கே வந்து குவிந்தனர். ஊரார் தம் வீட்டு முற்றத்திலேயே இரண்டொரு அறை கட்டி வாடகைக்கு விட்டனர். ‘லொஸ்மென்’ எனப்பட்ட அவ்வெளிய விடுதிகளின் வருவாய் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே தங்கியது. நூசா துவாவில் தூய்மையும் ஒழுங்கும் இருந்தன. உரிமை பெருமுதலாளிகளிடம் இருந்தது. கூத்தாவில் நெரிசலும் இரைச்சலும் இருந்தன. தொடக்கத்திலேனும் உரிமை ஊராரிடம் இருந்தது. நிலவிலை ஏற ஏற அவ்வுரிமையும் கைமாறத் தொடங்கியது.

கரை தேய்ந்த வரலாறு

மணலை நாடி விடுதிகள் எழுந்தன. விடுதிகள் எழுந்ததால் மணல் குறைந்தது. பவளப்பாறையே சானூர்க் கரைக்கு இயற்கை அமைத்த மதில். அப்பவளத்தை வெட்டிச் சுண்ணாம்பாகவும் கட்டடக் கல்லாகவும் பயன்படுத்தியதால் அம்மதில் வலுவிழந்தது. 1960களில் விமான ஓடுபாதை கடலுக்குள் நீட்டப்பட்டபின் கூத்தாக் கரையில் மணல் அரிப்புக் கண்டது. இழந்த மணலை மீண்டும் கொட்டி நிரப்ப, 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஜப்பானியக் கடனுதவியுடன் சானூர், நூசா துவா, கூத்தா ஆகிய கரைகளில் பெரும் பொருட்செலவில் பணிகள் நடந்தன. பெரு விடுதிகள் மிகுந்த தென்பகுதியில் நிலத்தடி நீர் குறைவதும், சில இடங்களில் உப்புநீர் உட்புகுவதும் ஆராய்ச்சியாளரின் கவலைக்கு உரியனவாயின.

நிலத்தைப் போலவே நம்பிக்கையும் நெருக்கடிக்கு உள்ளானது. தானா லோட் கடற்கோயிலுக்கு அருகே கோல்ப் திடலுடன் விடுதி அமைக்கும் திட்டம் 1993இல் வெளிப்பட்டபோது பாலியில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1994இல் இந்து சமயப் பேரவை, பெருங்கோயில்களைச் சூழ்ந்து இத்துணைக் கிலோமீட்டர் எல்லைக்குள் இத்தகைய கட்டடங்கள் கூடாது என அறிவித்தது. சில மாறுதல்களுடன் விடுதி கட்டப்பட்டது. ஆயினும், கரைக்கு உரியவர் யார் என்ற வினாவைப் பாலி மக்கள் வாய்திறந்து கேட்டது அப்போதுதான்.

ஒரே தொழிலை நம்பிய தீவின் நொய்மையையும் காலம் காட்டியது. 2002 அக்டோபர் 12ஆம் நாள் கூத்தாவில் குண்டு வெடித்து 202 பேர் மாண்டனர், விடுதிகள் வெறிச்சோடின. 2019இல் 62 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் வந்தனர். பெருந்தொற்று நிலவிய 2021இல் நேரே வந்தோர் நூறு பேரைக்கூட எட்டவில்லை. விடுதி ஊழியர் பலர் வயலுக்கும் கடற்பாசி வளர்ப்புக்கும் திரும்பினர்.

தேர்பவர் அறிய வேண்டுவன

இவ்வரலாற்றை அறிந்தவர் விடுதியைத் தேரும் முறையும் வேறாக இருக்கும். அவர் முதலில் கடலைப் பார்ப்பார். நவம்பர் முதல் மார்ச் வரை மேல்காற்று வீசும் மழைக்காலத்தில் கூத்தாக் கரையில் அலை மிகும். கடல் கொணரும் குப்பையும் ஒதுங்கும். அப்போது கிழக்கு நோக்கிய சானூர் அமைதியாக இருக்கும். வறண்ட மாதங்களில் தென்கிழக்குக் காற்று சானூரில் மோதும். மேற்கு நோக்கிய கூத்தாவில் மாலைக் கதிரவனின் மறைவு தெளிவாகத் தெரியும். பவளப்பாறை சூழ்ந்த கரையில் குழந்தைகள் அஞ்சாது நீராடலாம்; ஆனால் நீர் வற்றும் வேளையில் நெடுந்தொலைவு நடந்தாலும் முழங்கால் நனைவதே அரிது. ஞெப்பி நாளில் விமான நிலையமும் மூடப்படும். விருந்தினரும் விடுதியை விட்டு வெளியேறலாகாது. நாள் குறிக்குமுன் இவற்றை அறிந்துகொள்வது நலம்.

அடுத்து அவர் கரையைப் பார்ப்பார். விடுதியின் மதில் மெலாஸ்தி ஊர்வலத்துக்கு வழிவிடுகிறதா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, உரிமையாளரும் பணியாளரும் எவ்வூரினர் என்று கேட்பார். விளம்பரத் தாள்கள் இவற்றைச் சொல்வதில்லை. ஆயினும் கேட்டால் விடை கிடைக்காமற் போவதில்லை. 1928இல் பயணி ஊர் நடுவே தங்கினார்; 1936இல் ஓலைக் குடிலை நாடினார்; 1966இல் மாடியில் ஏறினார்; 1983இல் வேலிக்குள் புகுந்தார். ஒவ்வொரு தேர்வும் பாலிக் கரையில் ஒரு தழும்பையோ ஒரு நன்மையையோ விட்டுச் சென்றது. இனி வருவோரின் தேர்வும் அவ்வாறே செய்யும்.