நெஞ்செரிவும் நோக்குளிசையும்: அறிந்திருக்க வேண்டியவை

போரில் காயப்பட்டவர்களைச் சந்திக்க வன்னிக்குப் போகும்போதெல்லாம், நான் கேட்காமலே பலர் சொல்லும் முறைப்பாடு ஒன்று உண்டு: “சாப்பிட்டால் நெஞ்சு எரியுது, காஸ்ரிக் போல.” உடம்பில் ஷெல் துண்டோடு வாழ்பவர்களும், காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் தாய்மாரும் இதைச் சொல்கிறார்கள். பெரும்பாலும் இது சமாளிக்கக்கூடிய நோய்தான். ஆனால் கவனிக்காமல் விட்டால் ஆபத்தாகும் இடங்கள் இரண்டு உள்ளன.

ஏன் எரிகிறது?

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. அது தளரும்போது இரைப்பையின் அமிலம் மேலே ஏறுகிறது. நெஞ்செரிவு, புளித்த ஏப்பம், இரவில் இருமல், காலையில் தொண்டைக் கரகரப்பு என்பன அதன் அறிகுறிகள். உடற்பருமன், கர்ப்பம், புகைத்தல், மதுபானம், வயிறு முட்டச் சாப்பிடுதல் ஆகியவை இதைக் கூட்டும். மன அழுத்தமும் நித்திரையின்மையும் எரிவை அதிகமாக உணர வைக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவை

இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் 2 முதல் 3 மணி நேரம் விடுங்கள். ஒரே தடவையில் நிறையச் சாப்பிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். உறைப்பு, பொரியல், தேத்தண்ணி ஆகியவற்றில் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாததை மட்டும் குறைத்தால் போதும். சோடா குடித்தால் ஏப்பம் வந்து சுகமாக இருக்கும். ஆனால் அதன் வாயு வயிற்றை உப்பவைத்து அமிலத்தை மேலே தள்ளும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயர்த்தலாம். பாயில் படுப்பவர்கள் இடப்பக்கமாகச் சரிந்து படுக்கலாம்.

ஒமிப்பிரசோல் குளிசையை மருத்துவர் தந்திருந்தால், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் எடுக்க வேண்டும். சாப்பிட்ட பின் எடுத்தால் பலன் குறையும்.

நோக்குளிசை

பழைய காயத்தின் நோவுக்கு டைக்குளோபினாக், புரூபன் போன்றவற்றைப் பார்மசியில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குபவர்கள் நம்மிடையே பலர். இவை இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கி, இரத்தம் கசியவும் வைக்கும். அந்த எரிவைக் காஸ்ரிக் என்று நினைத்து அதற்கும் ஒரு குளிசை போடுகிறார்கள். கிளினிக்குக்குப் போகும்போது நீங்கள் எடுக்கும் எல்லாக் குளிசைகளையும் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். நரம்பு நோவுக்கு வேறு வகை மருந்துகள் உள்ளன. இருதய நோய்க்குத் தந்த அஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தாமதிக்கக் கூடாதவை

விழுங்கக் கஷ்டம், காரணமின்றி மெலிதல், தொடர்ந்த வாந்தி, இரத்தசோகை இருந்தால் விரைவில் மருத்துவரிடம் போங்கள். இரத்த வாந்தி வந்தாலோ, தார் போலக் கறுப்பாக மலம் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது ஆபத்து மாரடைப்பு. நெஞ்சை அழுத்துவது போன்ற நோ, கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் காஸ்ரிக் என்று இருந்துவிட வேண்டாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் கடும் நோ இல்லாமலே அது வரலாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். அழைத்த பிறகு அது வெறும் நெஞ்செரிவுதான் என்று தெரிந்தால், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.