காடு போன கணக்கு

இந்தியாவில் காட்டின் பெயரால் சேர்ந்திருக்கும் மிகப் பெரிய பொது நிதி ஒன்றின் கதை நீலகிரிச் சரிவில் தொடங்குகிறது. கூடலூர்ப் பகுதியில் ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம (பரம்பரை உரிமை) நிலமாக இருந்த காடுகள் அழிகின்றன என்று, அந்தக் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஒரு வட்டாரத்தின் மரம் வெட்டுவதைப் பற்றிய அந்த வழக்கு நாட்டின் காடுகள் அனைத்துக்குமாக விரிந்தது. யாருக்குச் சொந்தமானாலும், அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடே என்றது 1996 டிசம்பர் 12ஆம் தேதி உத்தரவு. அதே வழக்கில்தான் 2002 அக்டோபரில் இழப்பீட்டுக் காடு வளர்ப்பு நிதிக்கான ஆணையும் பிறந்தது. அதன் பிறகான இருபதாண்டு வரலாற்றைப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பணத்துக்கு அடுக்கடுக்காகக் காவல் போட்டோம். காட்டோடு வாழும் மக்களுக்கு அந்தக் காவலில் அதிகாரமுள்ள இடம் தரவில்லை.

காவல் போட்டது தவறென்று சொல்ல முடியாது. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சுரங்கத்துக்கோ அணைக்கோ சாலைக்கோ காட்டு நிலத்தை எடுப்பவர், அதே பரப்பளவில் காடல்லாத நிலத்தைத் தந்து மரம் வளர்க்கும் செலவையும் ஏற்க வேண்டும். அப்படி வசூலான பணம் மாநிலங்களிடம் போய்ச் சேர்ந்தது. பெருந்தொகை மரக்கன்றுகளுக்குப் போகவில்லை. அதனால்தான் நீதிமன்றம் இந்தப் பணத்தைத் தனியே பிரித்தது. அதோடு, அழியும் காடு தரும் நீர், மண், காற்று ஆகியவற்றுக்கும் விலை வைத்து, ஹெக்டேருக்கு 5.80 லட்சம் முதல் 9.20 லட்சம் ரூபாய் வரை 'நிகர தற்போதைய மதிப்பு' செலுத்த வேண்டும் என்றது. இது வரியல்ல, கட்டணம் என்று 2005 தீர்ப்பு நிலைநாட்டியது. காட்டை வெறும் மரக்கட்டைக் கிடங்காகப் பார்த்துவந்த நிர்வாகத்துக்கு இது பெரிய திருப்பம். அந்தப் பெருமை நீதிமன்றத்துக்கு உரியது.

ஆனால் பூட்டிய பெட்டியைத் திறக்க ஆள் வேண்டும். இந்த நிதியை நிர்வகிக்க 2004இல் அறிவிக்கப்பட்ட 'காம்பா' ஆணையம் செயல்படவே இல்லை. 2006இல் நீதிமன்றமே ஒரு தற்காலிக அமைப்பை ஏற்படுத்தி, மாநிலங்களிடமிருந்த பணத்தை அதனிடம் கொண்டுவரச் செய்தது. ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் கோடி ரூபாயை மாநிலங்களுக்கு விடுவிக்க அனுமதி கிடைத்தது 2009இல்தான். இருப்பு மட்டும் ஏறிக்கொண்டே போய், 2012இல் சுமார் 23,600 கோடியைத் தொட்டது. மத்திய கணக்குத் தணிக்கைத் துறையின் 2013 அறிக்கை அப்போது நிலத்தின் கணக்கையும் பார்த்தது: 2006 முதல் 2012 வரை வந்திருக்க வேண்டிய காடல்லாத நிலம் ஒரு லட்சம் ஹெக்டேருக்கும் மேல், வந்தது அதில் 27 விழுக்காடு, மரம் நட்டது வெறும் 7 விழுக்காட்டில். வட்டி வளர்ந்த வேகத்தில் காடு வளரவில்லை.

2016இல் நாடாளுமன்றம் இந்த நிதிக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. பணம் பொதுக் கணக்கில் இருக்கும், ஆண்டு முடிவில் காலாவதியாகாது, 90 விழுக்காடு மாநிலங்களுக்கு, 10 விழுக்காடு மத்திய அமைப்புக்கு என்று ஒழுங்கு செய்தது. நிதிக்கட்டமைப்பு என்ற அளவில் இது நல்ல ஏற்பாடு. 2019 ஆகஸ்டில் 47,436 கோடி ரூபாய் 27 மாநிலங்களுக்குப் போனதும் இதனால்தான். ஆனால் மாநில அளவில் யார் முடிவெடுப்பது? ஆளுமைக் குழுவுக்கு முதல்வர், வழிகாட்டுக் குழுவுக்குத் தலைமைச் செயலாளர், நிறைவேற்றுக் குழுவுக்கு வனத்துறைத் தலைவர். மாநிலங்களவை விவாதத்தில் உறுப்பினர் ஜெய்ராம் ரமேஷ் கிராம சபையின் ஒப்புதலைச் சட்டத்திலேயே எழுதக் கேட்டார். விதிகளில் சேர்ப்பதாக சுற்றுச்சூழல் அமைச்சர் அனில் மாதவ் தவே உறுதியளித்தார். 2018இல் வந்த விதிகள் கிராம சபையையோ கிராம வனக் குழுவையோ கலந்தாலோசிக்கச் சொன்னதோடு நின்றுவிட்டன. கிராம வனக் குழு பல இடங்களில் வனத்துறையே அமைத்தது. அதைக் கேட்டுவிட்டால் கிராமத்தைக் கேட்டதாக ஆகிவிடும் என்பது என் கணிப்பில் பெரிய ஓட்டை.

ஆயிரக்கணக்கான கோடிகளைக் கையாளும் திறமை கிராம சபைக்கு உண்டா என்று கேட்பார்கள். பணத்தை அதன் கையில் கொடுக்க யாரும் கேட்கவில்லை. இந்த மேய்ச்சல் நிலத்தில், இந்தப் புல்வெளியில் மரம் நடலாமா, நட்டது பிழைத்ததா என்பதற்குப் பதில் சொல்லும் அதிகாரம்தான் கேட்கப்படுகிறது. காட்டையும் நீர்ப்பிடிப்பையும் காக்கும் அதிகாரத்தை 2006 வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு கிராம சபைக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு சபையிடமும் ஒப்புதல் வாங்கினால் வேலை தாமதமாகும் என்பது இன்னொரு வாதம். 2002 முதல் 2009 வரை பணம் முடங்கிக் கிடந்தபோது எந்தக் கிராம சபையும் குறுக்கே நிற்கவில்லை. தாமதம் முழுக்க மேலிருந்தே வந்தது. இதைத் திருத்தப் புதிய சட்டம்கூட வேண்டாம். விதிகளை மத்திய அரசே அறிவிக்கை மூலம் மாற்றலாம்: திட்டத்துக்கு முன் கிராம சபையின் ஒப்புதல், மூன்றாம் ஆண்டில் பிழைத்த மரங்களின் கணக்கை அதே சபையின் முன் வைத்த பிறகே அடுத்த தவணை.