கைரேகைச் சட்டமும் குற்றப்பரம்பரை என்னும் கற்பனையும்

குற்றம் புரிந்தவனைத் தண்டிப்பது நீதி. குற்றம் புரியக்கூடிய குலத்திற் பிறந்தவன் என்பதற்காக ஒருவனைப் பொலிஸ் காவலில் இரவு உறங்கச் செய்வதற்கு என்ன பெயர் சூட்டுவது? இந்தியாவை ஆண்ட பிரித்தானியர் அதற்குச் சட்டம் என்றே பெயர் சூட்டினர். 1871ஆம் ஆண்டு வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டின் புதிய சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. ஒரு கூட்டத்தினரைக் குற்றப்பரம்பரையினர் என அரசாங்கம் அறிவித்துவிட்டால், அவ்வறிவித்தல் செல்லுமா என எந்த நீதிமன்றமும் வினவ முடியாது. சட்டத்தின் ஆட்சி ஆங்கிலேயர் அளித்த கொடை என இன்றும் மேடைகளிற் பேசுவோர் இவ்விதியை ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று.

இவ்வாறு முத்திரை குத்தப்பட்டவர்கள் யாவர்? குறவர்கள் பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகச் சென்று விற்றவர்கள். உப்பு வரியும் புகைவண்டியும் அவ்வாணிபத்தை அழித்தன. பிழைப்பிழந்து அலைந்தவனை, அலைகிறான் என்பதற்காகவே அரசு ஐயுற்றது. மதுரைப் பகுதிக் கள்ளரோ கிராமங்களுக்குக் காவல் புரிந்து கூலி பெற்றவர்கள். அக்காவல் முறையில் மிரட்டலும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயின் சிலரது மிரட்டலுக்காகத் தொட்டிலிற் கிடக்கும் குழந்தையும் குற்றவாளிக் குலத்தினன் ஆவது எங்ஙனம்? வருணம் பிறப்பால் அமைவது என்ற பழைய கொள்கையும், குற்றம் இரத்தத்தில் ஓடுகிறது என்ற ஐரோப்பியரின் 'விஞ்ஞானமும்' இங்கு கைகோத்துக்கொண்டன.

மக்கள் இதனைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். பதிவு செய்யப்பட்டவர்கள் கைரேகை கொடுக்க வேண்டும். அனுமதிச் சீட்டின்றி ஊரைவிட்டு அகலலாகாது. நோயுற்ற தாயைப் பார்க்க அடுத்த ஊருக்குச் சொல்லாமற் சென்றவன் சட்டத்தை மீறியவன் ஆனான். அம்மீறலே அவன் குலம் குற்றக் குலம் என்பதற்குச் சான்றாயிற்று. ஐயம் தனக்கு வேண்டிய ஆதாரத்தைத் தானே உற்பத்தி செய்துகொண்டது. இன்று பிறப்பிடத்தையோ தோலின் நிறத்தையோ பார்த்துச் சோதனை செய்து, பின்னர் கைதானோர் தொகையைக் காட்டி அச்சோதனையை நியாயப்படுத்தும் பொலிஸாரின் வாதமும் இத்தகையதே.

1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டிக்கு அணித்தான பெருங்காமநல்லூரிற் பிரமலைக் கள்ளர் ரேகை கொடுக்க மறுத்துத் திரண்டனர். பொலிஸார் சுட்டனர். ஒரு பெண் உட்பட 16 பேர் மாண்டனர். அவர்களுக்காக வழக்காடியவர் மலையாளக் கிறித்தவரான ஜோர்ஜ் ஜோசப். 'ரோசாப்பூ துரை' என்று அம்மக்கள் அவரை அன்போடு அழைத்தனர். சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோருக்குத் துணைநிற்கச் சாதிக்காரன்தான் வரவேண்டும் என்பதில்லை.

சென்னை மாகாணத்தில் 1947இலும் இந்தியா முழுவதிலும் 1952இலும் சட்டம் நீங்கியது. ஆயினும் மாநிலங்கள் இயற்றிய வழக்கக் குற்றவாளிகள் சட்டங்களும், பொலிஸ் நிலையப் பதிவேடுகளும் அதே மக்களைத் தொடர்ந்தன. ஊரில் ஒரு திருட்டு நிகழ்ந்தால் முதலில் தட்டப்படுவது குறவர் குடிசைக் கதவுதான் என்ற நிலை நீடித்தது. சாதி பார்த்துக் கைதிகளுக்கு வேலை பகிரும் சிறை விதிகளை 2024ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இந்திய உயர்நீதிமன்றம் செல்லாதனவாக்கியபோது, குற்றப்பரம்பரைப் பட்டியலினின்று விடுவிக்கப்பட்ட இம்மக்களை மனம்போனபடி கைது செய்யலாகாது எனவும் பொலிஸாருக்குப் பணித்தது. சட்டம் நீங்கி 72 ஆண்டுகளின் பின்னும் அப்பணிப்புரை தேவைப்பட்டது.