பால்மிஸ் அம்மைப்பால் பயணம் (1803–1806)

பெரியம்மைத் தடுப்பு மருந்தைத் தன் கடல்கடந்த குடியேற்றங்களுக்குக் கொண்டுசேர்க்க ஸ்பெயின் அரசு அனுப்பிய மருத்துவக் குழுவின் பயணம். மன்னர் நான்காம் கார்லோஸ் செலவை ஏற்றார். மருத்துவர் பிரான்சிஸ்கோ ஹாவியர் டி பால்மிஸ் தலைமை தாங்கினார்.

மாட்டம்மைக் கொப்புளத்தின் நீர், அதாவது அம்மைப்பால், பெரியம்மையைத் தடுக்கும் என்று 1796-இல் எட்வர்ட் ஜென்னர் காட்டியிருந்தார். அதைக் கெடாமல் கொண்டுபோவதுதான் பெரும்பாடு. நூலில் தோய்த்து உலர்த்தினார்கள். இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து மெழுகால் அடைத்தார்கள். ஆனாலும் நெடும்பயணத்தின் வெப்பத்தில் அதன் வீரியம் போய்விடும்.

ஆகவே பால்மிஸ் குழந்தைகளின் உடலையே நாடினார். பெரியம்மை கண்டிராத 22 ஆதரவற்ற சிறுவர்களை ஏற்றிக்கொண்டு, 1803 நவம்பர் 30 அன்று லா கொருஞா துறைமுகத்திலிருந்து 'மரியா பீட்டா' கப்பல் புறப்பட்டது. அவர்களுக்கு ஏறக்குறைய 3 முதல் 9 வயது. ஒருமுறைக்கு இருவருக்கு அம்மை குத்துவார்கள். ஒன்பது பத்து நாளில் கையில் கொப்புளம் முற்றும். அதிலிருந்து நீரெடுத்து அடுத்த இருவருக்குக் குத்துவார்கள். ஒருவருக்குப் பிடிக்காமல் போனாலும் தொடர் அறாதிருக்கவே இருவர். முறை வராத பிள்ளை, கொப்புளத்தைச் சொறிந்தவன் கையைத் தொட்டுவிட்டால் கணக்கே குலையும். இரவு பகலாக அவர்களைக் காத்தவர் அநாதை இல்லத் தலைவி இஸபெல் செந்தால். அவருடைய மகனும் உடன் சென்றான்.

1804-இல் வெனிசுவேலாவில் குழு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பிரிவோடு தென் அமெரிக்காவுக்குள் சென்ற, குழுவைச் சேர்ந்த ஹோசே சால்வானி ஆண்டுக்கணக்கில் மலைநாடுகளில் அலைந்து, நோயுற்று, 1810-இல் கொச்சபாம்பாவில் இறந்தார். மறு பிரிவோடு சென்ற பால்மிஸ், கியூபாவில் பிள்ளைகள் கிடைக்காதபோது மூன்று அடிமைப் பெண்களை விலைக்கு வாங்கி, அவர்கள் உடலில் அம்மைப்பாலை ஏற்றிச் சென்றார். இப்பயணத்தின் புகழைப் பாடுவோர் இதை விட்டுவிடக் கூடாது. 1805-இல் அகாபுல்கோவிலிருந்து 26 மெக்சிகோச் சிறுவர்களோடு மணிலாவை அடைந்து, மக்காவ், கான்டன் வரை சென்று, 1806-இல் பால்மிஸ் ஸ்பெயின் திரும்பினார். இந்தியாவுக்கு அம்மைப்பால் அதற்கு முன்பே, 1802-இல், பாக்தாத், பாஸ்ரா வழியாக இதேபோல் கைக்குக் கை மாறி பம்பாய்க்கு வந்திருந்தது.

ஜென்னர் இப்பயணத்தை மனதாரப் பாராட்டினார். 2020-இல் கொரோனாவை எதிர்கொள்ள ஸ்பெயின் ராணுவம் மேற்கொண்ட பணிக்குப் பால்மிஸ் பெயரே வைக்கப்பட்டது. பெருமையில் பெரும்பங்கு ஸ்பெயினிலிருந்து சென்ற அந்தச் சிறுவர்களுக்கே உரியது. படிக்கவைத்து ஆளாக்குவதாக அரசு வாக்களித்திருந்த அவர்கள், மெக்சிகோ நகரின் ஆதரவற்றோர் விடுதியில் விடப்பட்டார்கள்.