மனநலச் செவிலியர் கல்வியில் நோயாளரின் இடம்: புதுச்சேரியை முன்வைத்து ஓர் ஆய்வு

புதுச்சேரியில் நவீன மருத்துவக் கல்விக்கு 1823-இல் பிரெஞ்சு அரசு நிறுவிய மருத்துவப் பள்ளி அடித்தளமிட்டது. அதன் வழிவந்த நிறுவனம் 1964-இல் ஜிப்மர் ஆயிற்று. ஜிப்மரின் செவிலியர் கல்லூரி 2006-இல்தான் தொடங்கப்பட்டது. இவ்வளவு நீண்ட மருத்துவ மரபுள்ள ஊரில் மனநலச் செவிலியராகப் போகும் மாணவிக்கு யார் கற்பிக்கிறார்கள் என்பது முக்கியமான கேள்வி. மனநல வார்டில் செவிலியரின் பேச்சும் உடனிருப்பும் பாதி வைத்தியம். அந்தப் பேச்சு ஆறுதல் தந்ததா, அச்சுறுத்தியதா என்பதைக் கேட்டவரே சொல்ல முடியும்.

நோயாளராக இருந்தவரிடமிருந்து கற்பதற்குப் பிரெஞ்சு மரபின் தொடக்கத்திலேயே வலுவான முன்மாதிரி உண்டு. ழான் பப்தீஸ்த் புசென் பாரிசின் பிசேத்ர் மருத்துவமனையில் கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற்றவர். குணமானபின் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, 1780-களில் மனநோயாளர் பிரிவின் கண்காணிப்பாளரானார். மனநோயிலிருந்து மீண்டவர்களையும் தேறி வருபவர்களையும் பணியாளர்களாக எடுத்தார்; நோயாளரை அடிக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். 1793-இல் அங்கு வந்த மருத்துவர் பிலிப் பினேல், தாம் புசெனிடம் கற்றதைத் தம் நூலில் மறைக்காமல் எழுதினார். மனநோயாளரின் சங்கிலிகளை அவிழ்த்தவராக ஓவியங்கள் பினேலையே காட்டுகின்றன. ஆனால் 1797-இல் பிசேத்ரில் அதைச் செய்தவர் புசென். படித்த மருத்துவர் ஒருவர், நோயாளியாக வந்து பணியாளரானவரிடம் பாடம் கேட்ட இந்த நிகழ்வை மனநலச் செவிலியத்தின் தொடக்கமாகக் கொள்வதே பொருத்தம் என்பது என் கருத்து.

இந்தியாவில் பயிற்சி வேறு வழியில் வளர்ந்தது. பெங்களூரில் 1954-இல் உருவான அகில இந்திய மனநல நிறுவனம் மனநலச் செவிலியருக்குத் தனிப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. 1965-இல் இந்தியச் செவிலியர் மன்றம் பட்டப்படிப்பில் இப்பாடத்தைச் சேர்த்தது. இதே காலகட்டத்தில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யா சாகர் நோயாளரின் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்தில் கூடாரமிட்டுத் தங்க வைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தாரை நோயாளரோடு தங்க வைத்தது. உலகமே கவனித்த அரிய முயற்சிகள் இவை. ஆனால் செவிலியரும் மருத்துவரும் சொல்லித்தர, குடும்பம் கற்றுக்கொண்டது. குடும்பத்திடமிருந்தோ நோயாளரிடமிருந்தோ மாணவி முறையாகப் பாடம் கேட்கும் ஏற்பாடு உருவாகவில்லை.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது ‘பிராசஸ் ரெக்கார்டிங்’ என்னும் பயிற்சி. செவிலியத்தை இருவருக்கிடையிலான உறவாக விளக்கி ஹில்டெகார்ட் பெப்லாவ் 1952-இல் எழுதிய நூலோடு இணைத்துப் பேசப்படும் முறை இது. மாணவி நோயாளருடன் உரையாடியதைச் சொல்லுக்குச் சொல் எழுதுகிறாள்; தன் மனத்தில் எழுந்ததையும், அந்தப் பேச்சு பயன் தந்ததா என்பதையும் பக்கத்தில் குறிக்கிறாள். ஆசிரியர் படித்து மதிப்பெண் இடுகிறார். உரையாடலில் பாதியைப் பேசியவருக்கு அந்த நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. அவர் மௌனமாக இருந்ததை ‘ஒத்துழைக்கவில்லை’ என்று மாணவி எழுதியிருக்கலாம். மாத்திரை தந்த மயக்கத்தில் நாக்கு எழாமல் அவர் இருந்திருக்கலாம். பிழையைத் திருத்தக்கூடிய ஒரே ஆளை இந்தப் பயிற்சி வெளியே நிறுத்தியிருக்கிறது.

பிற நாடுகள் 1990-கள் முதல் விழித்துக்கொண்டன. இங்கிலாந்தில் மனநலச் செவிலியம் பற்றிய 1994-ஆம் ஆண்டு அரசு அறிக்கை, சேவை பெறுவோர் கற்பித்தலில் பங்கேற்க வேண்டும் என்றது. 2010-இல் செவிலியர் கல்விக்கான தரவிதிகளும் அதை வலியுறுத்தின. ஆஸ்திரேலியாவில் மனநோயிலிருந்து மீண்டவர்கள் முழுப் பாடத்தையே நடத்தினார்கள். நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு நேபாளம்: அங்கே சிகிச்சை பெற்றவர்கள் தாம் எடுத்த புகைப்படங்களைக் காட்டித் தம் கதையை ஆரம்ப சுகாதாரப் பணியாளருக்குச் சொல்லிப் பயிற்சி தந்தார்கள்.

இந்தியச் சட்டமும் இந்தத் திசையில் ஓரடி வைத்தது. 2001-இல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீ விபத்தில் சங்கிலியோடு கருகி இறந்த நோயாளர்கள் நாட்டின் மனசாட்சியை உலுக்கினார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மாநில மனநல ஆணையத்தில் மனநோயை அனுபவித்தவர்களுக்கு இடம் தந்தது. சீராய்வு வாரியங்களிலும் அவர்கள் உறுப்பினராக வழி செய்தது. புதுச்சேரிக்கும் இது பொருந்தும். செவிலியர் மன்றத்தின் 2021-ஆம் ஆண்டு பாடத்திட்டம் மனநலத்தை ஐந்தாம், ஆறாம் பருவங்களில் வைக்கிறது. மீண்டவர் ஒருவர் ஆசிரியராக வர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. மனநல நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையத்தில் உட்காரத் தகுதியுள்ளவரைச் செவிலியரின் வகுப்பறைக்கு அழைக்காதது பெரும் முரண்.

புதுச்சேரி போன்ற சிறு ஊரில் அப்படி அழைப்பதற்குத் தனித் தடை உண்டு. இங்குள்ள முத்தியால்பேட்டையைச் சேர்ந்த, நோயிலிருந்து மீண்ட ஒருவர் வகுப்பில் தம் கதையைச் சொன்னால், கேட்கும் மாணவி அவருடைய சொந்தக்காரப் பெண்ணாகவே இருக்கலாம். சட்டம் தரும் இரகசியக் காப்பு ஊர்வாய்க்கு முன் நிற்காது. ஆகவே முதல் ஆண்டுகளில் கடலூர், விழுப்புரம் கல்லூரிகளோடு ஆட்களை மாற்றிக்கொள்வது நல்லது. வருபவருக்கு மற்ற விருந்தினர் விரிவுரையாளருக்குத் தரும் அதே ஊதியம் தர வேண்டும். எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பது அவர் முடிவாக இருக்க வேண்டும். அதற்கு முன்பே, புதிய அனுமதி எதுவும் இல்லாமல் ஒன்றைச் செய்யலாம்: மாணவி எழுதிய உரையாடலை, தேறிய நிலையில் உள்ள நோயாளர் சம்மதித்தால், அவரிடமே வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் திருத்தங்களை எழுத அந்த நோட்டில் இன்னொரு பத்தி சேர்க்கலாம்.